செல்யாபின்ஸ்க் போகிறீர்களா? முதல் மாதத்தில் எதை எந்த வரிசையில் முடிப்பது

ரஷ்யாவில், உரால் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், மியாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் தொழில் நகரம் செல்யாபின்ஸ்க். மக்கள்தொகை ஏறக்குறைய 12 லட்சம். டிராக்டர் ஆலை, உருக்காலை, துத்தநாக ஆலை, குழாய் ஆலை எல்லாம் நகர எல்லைக்குள்ளேயே ஓடுகின்றன. மருத்துவமோ பொறியியலோ படிக்க இங்கே வருகிறவர்களுக்கும் வேலை ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்கும் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: காகிதங்களின் வரிசை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். நடுவில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் சிம் கார்டு முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாம் நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை, அதிலும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. ரஷ்யக் குடிவரவு விதிகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருக்கின்றன. கெடுக்கள் தளர்வதில்லை, இறுகத்தான் செய்கின்றன. அதனால் இரண்டு கெடு காதில் விழுந்தால் குறைவானதையே நம்புங்கள்.

1. கிளம்பும் முன்: சரியான விசா, சரியான நோக்கம்

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து ரஷ்ய இ-விசா கிடைக்கிறது. சுலபம், மலிவு, அழைப்புக் கடிதம் வேண்டாம். அதனாலேயே ஆபத்து. "இ-விசாவில் போய் இறங்குங்கள், அங்கே போய் மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இ-விசாவை நீட்டிக்க முடியாது, வேறு வகைக்கு மாற்றவும் முடியாது. படிக்க வருகிறவருக்கு, பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகம் வழியாக வாங்கி அனுப்பும் அழைப்பின்பேரில் தரப்படும் மாணவர் விசாதான் வேண்டும். அழைப்பு வரவே சில வாரங்கள் ஆகும். செப்டம்பர் வகுப்புக்கு ஆகஸ்டில் ஓடுவது வீண்.

கையில் இருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட். விண்ணப்பிக்கும் நாளில் குறைந்தது 18 மாத ஆயுளாவது மிச்சமிருக்கட்டும். விசா நீட்டிப்பு முழுக்க இதையே நம்பியிருக்கிறது.
- எச்ஐவி இல்லை என்ற சான்றிதழ். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் கட்டாயம். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள்.
- பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், அப்போஸ்டிலுடன் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குக் காட்டும் அரசு முத்திரை). முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். மாநிலக் கட்டத்தில்தான் நாள் இழுக்கும்.
- பிறப்புச் சான்றிதழ். எப்போதும் கேட்பதில்லை. கேட்கும்போது ஊரிலிருந்து வரவழைப்பது பெரும்பாடு.
- 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் அளவில், பளபளப்பு இல்லாத தாளில் ஒரு டஜன் புகைப்படங்கள்.

மருத்துவம் படிப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் படிப்பின் பெயரைப் பாருங்கள். "அட்மிஷன் கிடைத்துவிட்டது" என்று சொல்லப்படுவது சில நேரம் ஓராண்டு மொழி ஆயத்த வகுப்பாக இருக்கும். 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிக் கல்வி எல்லாம் வேண்டும். நீட் தகுதியும் கட்டாயம். மொழி வகுப்பு அந்த 54 மாதத்தில் சேராது.

2. பெயரை ரஷ்ய எழுத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பது

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ்ப் பெயர்க்காரர்கள் அதிகம் அலைவது இதனால்தான்.

ரஷ்ய விசாவில் உங்கள் பெயர் ஆங்கில எழுத்திலும் ரஷ்ய எழுத்திலும் அச்சாகியிருக்கும். அந்த ரஷ்ய எழுத்துக்கூட்டல்தான் இனி உங்கள் பெயர். "தமிழ்ச்செல்வன்" என்ற பெயரின் ழகரத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் "ஜ" ஒலிக்கான எழுத்தில் போடுவார், இன்னொருவர் "ல" என்று போடுவார். பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, மருத்துவச் சான்றில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி ஆகிவிட்டால் கணினி உங்களை மூன்று ஆட்களாகப் பார்க்கும். பிறகு ஒவ்வொரு காகிதத்தையும் திரும்ப எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: மொழிபெயர்ப்புக் கடைக்குப் போகும்போது விசா பக்கத்தின் நகலையும் கொடுத்து, "இதில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று காட்டுங்கள். நோட்டரி முத்திரை விழும் முன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ளவர்கள், முடிந்தால் இந்தியாவிலேயே அப்பா பெயரை அந்த இடத்தில் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. ரஷ்யப் படிவங்களில் முதலில் கேட்பதே குடும்பப் பெயர்தான், அது காலியாக இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஒற்றை எழுத்து இனிஷியல் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

நோட்டரி மொழிபெயர்ப்பை ஒன்றுக்கு மேல் எடுத்து வையுங்கள். டீன் அலுவலகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும், வங்கி இன்னொன்றைக் கேட்கும்.

3. பணம்: கார்டு வேலை செய்யாது

2022 மார்ச் முதல் ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. ஏடிஎம்மில் எடுக்க முடியாது, கடையில் தேய்க்க முடியாது, டாக்ஸி செயலியில் இணைக்க முடியாது. உள்ளூர் வங்கியின் "மீர்" அட்டை கைக்கு வரும்வரை ரொக்கம்தான்.

பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக எடுத்துப்போகலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ரஷ்யாவுக்கு அந்த வரம்பு கிடையாது. வாங்கும் அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாகவே எடுக்கலாம். இது தெரியாமல் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே அது வெறும் பிளாஸ்டிக்காகக் கிடப்பதுதான் வழக்கமான கதை. அங்கீகரிக்கப்பட்ட மணி சேஞ்சரின் ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் ரஷ்யாவில் இறங்கியதும் சிவப்பு வழியில் போய்ச் சுங்க அறிவிப்பு எழுத வேண்டும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

நோட்டுகள் புதிதாக, மடிப்பு, மை, முத்திரை எதுவும் இல்லாமல் இருக்கட்டும். ரஷ்ய வங்கிகள் கறைபட்ட டாலரைத் திருப்பித் தரும், அல்லது கழிவு பிடிக்கும். மாஸ்கோ விமான நிலையத்தில் தேவைக்குக் கொஞ்சம் மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை நகர வங்கியில் மாற்றுங்கள். அண்மைக் காலத்தில் ஒரு ரூபிள் ஏறக்குறைய ஒரு ரூபாயை ஒட்டியே இருப்பதால் விலை கணக்குப் போடுவது எளிது.

கல்விக் கட்டணத்தைக் கூடுமானவரை நீங்களே வங்கியில் ரூபிளில் கட்டி ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது ரூபிள் தொகை. ஏஜென்ட் சொல்லும் டாலர் தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

4. போய்ச் சேருவது

இரண்டு வழி உண்டு. மாஸ்கோவில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம் பறந்து செல்யாபின்ஸ்கின் பலாந்தினோ விமான நிலையம் வருவது ஒன்று. துபாய் வழியாக யெக்காத்தெரின்பூர்க்கில் இறங்கி, 200 கிலோமீட்டர் பஸ்ஸில் வருவது மற்றொன்று. பஸ்ஸுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். "லாஸ்தொச்கா" ரயிலும் இந்த இரு நகரங்களுக்கிடையே ஓடுகிறது. பெட்டி அதிகம் இருந்தால் இரண்டாவது வழி நிம்மதி.

மாஸ்கோ வழி வருபவர்கள் கவனிக்க: இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று டிக்கெட்டில் பாருங்கள். ஷெரெமெத்யெவோ வடக்கே, தொமொதேதொவோ தெற்கே. நடுவில் மாஸ்கோ நகரமே கிடக்கிறது. ட்ரோன் எச்சரிக்கையால் விமான நிலையங்கள் திடீரென மூடப்படுவதும் நடக்கிறது. இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள்.

குடிவரவுச் சோதனை நடப்பது முதலில் இறங்கும் ஊரில்தான். அங்கே தரும் மைக்ரேஷன் கார்டு பார்க்கத் துண்டுச் சீட்டு மாதிரி இருக்கும். அதை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் மூன்று விஷயம் பாருங்கள்: பெயர், பாஸ்போர்ட் எண், வருகையின் நோக்கம். நோக்கம் என்ற இடத்தில் "உச்யோபா", அதாவது படிப்பு, என்று இருக்க வேண்டும். "சுற்றுலா" என்று விழுந்திருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். செல்யாபின்ஸ்க் வந்த பிறகு திருத்துவது மிகக் கடினம். கார்டு தொலைந்தால் மூன்று நாளுக்குள் காவல் துறையின் குடிவரவுப் பிரிவில் சொல்லி மாற்றுக் கார்டு வாங்க வேண்டும்.

செல்யாபின்ஸ்க் மாஸ்கோவைவிட இரண்டு மணி நேரம் முன்னால், இந்தியாவைவிட அரை மணி நேரம் மட்டும் பின்னால். வீட்டுக்குப் பேச இவ்வளவு வசதியான வெளிநாட்டு நேரம் கிடைப்பது அரிது.

வெளிநாட்டு சிம்முக்கு ரஷ்யாவுக்குள் நுழைந்ததும் முதல் 24 மணி நேரம் இணையமும் எஸ்எம்எஸ்ஸும் நிறுத்தப்படும். ஆகவே டாக்ஸி செயலியை நம்பி இறங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை முன்பே உறுதி செய்து, ஹாஸ்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் தாளில் அச்சிட்டு வையுங்கள். "டூ ஜிஸ்" செயலியில் செல்யாபின்ஸ்க் வரைபடத்தை ஊரிலிருந்தே இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் பஸ் எண் முதல் கட்டட வாசல் வரை காட்டும்.

5. முதல் ஏழு வேலை நாள்: ரெகிஸ்ட்ரேஷன்

நீங்கள் எந்த முகவரியில் தங்குகிறீர்கள் என்பதை, உங்களைத் தங்கவைப்பவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 7 வேலை நாள் அவகாசம். ஹாஸ்டல் என்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு செய்யும். ஆனால் நீங்கள் பாஸ்போர்ட், விசா, மைக்ரேஷன் கார்டு நகல்களை இறங்கிய மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாரக் கடைசியில் கொடுத்தால் அவர்களுக்கு நேரம் போதாது. ஜனவரி 1 முதல் 8 வரை நாடே விடுமுறை. மே முதல் வாரத்திலும் வேலை நாட்கள் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் முத்திரையிட்ட அடிச்சீட்டு ஒன்று தருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி முக்கியமான காகிதம் அதுதான்.

தவறாமல் வரும் பொறி இது: விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினாலும், வேறு நகரத்தில் ஓட்டலில் தங்கிவிட்டு வந்தாலும், பழைய ரெகிஸ்ட்ரேஷன் செல்லாமல் போய்விடும். ஓட்டல் உங்களைத் தன் முகவரியில் பதிந்திருக்கும். திரும்பியதும் மறுபடி காகிதங்களைக் கொடுத்துப் புதிதாகப் பதியச் சொல்ல வேண்டும். யாரும் நினைவூட்ட மாட்டார்கள். தங்கும் விதிகளை மீறினால் இப்பகுதியில் அபராதம் 2,000 முதல் 5,000 ரூபிள். தொகை பெரிதல்ல. அதோடு நாட்டைவிட்டு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் விஷயம். 2025 பிப்ரவரியிலிருந்து சட்டபூர்வ நிலை இழந்த வெளிநாட்டவரின் பெயரை ஒரு தனிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். அதில் பெயர் விழுந்தால் வங்கிக் கணக்கும் முடங்கும்.

6. முதல் 30 நாள்: மருத்துவச் சோதனையும் கைரேகையும்

90 நாளுக்கு மேல் தங்கும் எல்லோரும் மருத்துவச் சோதனை செய்து, கைரேகையும் புகைப்படமும் பதிய வேண்டும். முன்பு மாணவர்களுக்கு 90 நாள் அவகாசம் இருந்தது. சீனியர்கள் இன்னும் அதையே சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள், 30 நாளுக்குள் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

சோதனையில் எச்ஐவி, காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரே, சிபிலிஸ், தொழுநோய், போதைப் பொருள் ஆகியவை அடங்கும். எல்லா மருத்துவமனையும் இந்தச் சான்றைத் தர முடியாது. மாகாணத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளவை மட்டுமே தரலாம். தனியார் லேபில் மலிவாக எடுத்த முடிவைக் கவுன்டரில் ஏற்க மாட்டார்கள். செலவு சில ஆயிரம் ரூபிள். பல்கலைக்கழகம் கூட்டமாக அழைத்துப்போகும் நாளில் போனால் மொழிபெயர்க்க ஆள் இருக்கும். போதைப் பொருள் சோதனைக்கு முன் இருமல் மருந்து, தூக்க மாத்திரை எதுவும் எடுத்திருந்தால் மருத்துவச் சீட்டோடு சொல்லிவிடுங்கள்.

கைரேகை முடிந்ததும் பச்சை நிறப் பிளாஸ்டிக் அட்டை ஒன்று தருவார்கள். இதை ஒரு முறை எடுத்தால் போதும். மருத்துவச் சான்றுக்கு மட்டும் காலாவதி உண்டு.

மருத்துவக் காப்பீடும் இதே மாதத்தில் எடுக்க வேண்டியது. விலை குறைந்த பாலிசிகள் நகர மருத்துவமனை ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். பல், உண்ணிக்கடி இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். உண்ணியைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

7. சிம் கார்டு, ஸ்னில்ஸ், வங்கி

2025 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் ரஷ்ய சிம் வாங்குவது ஐந்து நிமிட வேலை இல்லை. வரிசை இப்படி:

முதலில் ஸ்னில்ஸ் எனப்படும் சமூகப் பாதுகாப்பு எண். "மொய் தொகுமென்த்தி" என்று பலகை போட்ட அரசு சேவை மையத்திலோ சமூக நிதியத்திலோ, பாஸ்போர்ட்டின் நோட்டரி மொழிபெயர்ப்போடு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது "கோசுஸ்லூகி" என்ற அரசு இணையதளத்தில் கணக்குத் திறந்து, அதே மையத்தில் நேரில் உறுதிப்படுத்துவது. மூன்றாவது, வங்கிக் கிளையில் முகத்தையும் குரலையும் பதிவது. அதற்குப் பிறகுதான் தொலைபேசி நிறுவனத்தின் சொந்தக் கடையில் சிம். அந்த சிம் உங்கள் கைபேசியின் ஐஎம்இஐ எண்ணோடு கட்டப்படும். கைபேசியை மாற்றினால் அதையும் பதிய வேண்டும்.

தெருவில், ரயில் நிலைய வாசலில் "உடனே சிம்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் இருக்கும். சில நாளில் அணைந்துவிடும், அதில் இணைத்த வங்கிக் கணக்கும் சேர்ந்து போகும்.

வங்கிக்குப் பாஸ்போர்ட், மொழிபெயர்ப்பு, விசா, மைக்ரேஷன் கார்டு, ரெகிஸ்ட்ரேஷன் அடிச்சீட்டு எல்லாம் வேண்டும். சில கிளைகள் வரி எண்ணும் கேட்கும். ஒரு கிளையில் "வெளிநாட்டவருக்கு இல்லை" என்றால் மனம் தளராமல் அதே வங்கியின் பெரிய கிளைக்குப் போங்கள். உங்கள் கணக்கையோ அட்டையையோ யாருக்கும் வாடகைக்குத் தராதீர்கள். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று மாணவர்களைத் தேடி வருபவர்கள் உண்டு. அது குற்ற வழக்கில் முடியும்.

வாட்ஸ்அப் அழைப்புகள் 2025 ஆகஸ்டிலிருந்து முடக்கப்பட்டிருக்கின்றன. வீட்டாரோடு பேச மாற்று வழி ஒன்றைக் கிளம்பும் முன்பே அம்மா, அப்பா கைபேசியில் போட்டு, பேசிப் பார்த்துவிடுங்கள்.

8. எந்தப் பக்கம் குடியிருப்பது

முதல் ஆண்டு ஹாஸ்டல்தான் நல்லது. ரெகிஸ்ட்ரேஷன் தலைவலி இல்லை. தெற்கு உரால் மாநிலப் பல்கலைக்கழகம் லெனின் சாலையிலும், தெற்கு உரால் மருத்துவப் பல்கலைக்கழகம் வொரோவ்ஸ்கி தெருவிலும் இருக்கின்றன. இரண்டுமே நகரின் நடுப்பகுதியும் மேற்கும் சார்ந்தவை.

வெளியே வீடு எடுப்பதானால் வாடகையைவிட முன்னால் பார்க்க வேண்டியது காற்று. உள்ளூர்க்காரர்கள் பேட்டைகளை ஆலையின் பெயராலேயே அழைக்கிறார்கள். டிராம் பலகையிலும் அப்படித்தான். செ-தெ-செட் என்றால் டிராக்டர் ஆலைப் பக்கம், கிழக்கு. செ-எம்-செட் என்றால் உருக்காலைப் பக்கம், வடகிழக்கு. லெனின் மாவட்டம் தென்கிழக்கு, அங்கே குழாய் ஆலை. இந்தப் பக்கங்களில் வாடகை குறையும், புகை கூடும். வடமேற்கு என்று அழைக்கப்படும் பெரிய குடியிருப்புப் பகுதி புதியது, கடைகள் அதிகம். ஆனால் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் ஆலை வாடை அங்கேயும் வந்துவிடும். மேற்கே பைன் காட்டையும் ஷெர்ஷ்னி நீர்த்தேக்கத்தையும் ஒட்டிய பகுதிக்கு வாடகை அதிகம். கட்டுப்படியானால் அதுதான்.

புகை ஏன் சில நாள் மட்டும் அழுத்துகிறது? குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் தரையோரக் காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து கனத்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான அடுக்கு மூடி போட்டதுபோல் நின்றுவிட, ஆலைப் புகை கீழேயே தங்கும். அப்போது வானிலைத் துறை "என்-எம்-ஊ" என்ற எச்சரிக்கையை விடும், ஆலைகள் வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டும். அந்த நாட்களில் காலையில் ஜன்னலைத் திறக்காதீர்கள், வெளியே ஓட்டப் பயிற்சி வேண்டாம், என்95 முகக்கவசம் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. ரஷ்யாவின் "தூய காற்று" திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட 12 நகரங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் யாரும் சும்மா சேர்ப்பதில்லை.

வீட்டு உரிமையாளரிடம் முதல் கேள்வி: "ரெகிஸ்ட்ரேஷன் செய்து தருவீர்களா?" இல்லை என்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பணம் கொடுத்து வேறு முகவரியில் பொய்யாகப் பதிவது குற்றம். வீட்டைப் பார்க்காமல் "அவித்தோ" தளத்தில் வரும் லிங்க்கில் முன்பணம் கட்டாதீர்கள். வழக்கமாக முதல் மாத வாடகை, ஒரு மாத வைப்புத்தொகை, தரகர் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒரே நாளில் கேட்பார்கள். சூடேற்றும் செலவும் தண்ணீர்க் கட்டணமும் வாடகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மெட்ரோ பற்றி ஒரு சொல். 1992இல் தோண்டத் தொடங்கிய மெட்ரோ இதுவரை ஓடவில்லை. பிறகு திட்டத்தையே மாற்றி, அந்தச் சுரங்கத்தில் டிராம் விட முடிவு செய்திருக்கிறார்கள். இப்போதைக்கு டிராம், டிராலிபஸ், பஸ்தான். பழைய வரைபடத்தில் மெட்ரோக் கோட்டைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்.

ஆலை வாசல்களையும் ரயில் யார்டுகளையும் படம் எடுக்காதீர்கள். பல ஆலைகள் பாதுகாப்புத் துறைக்கும் வேலை செய்கின்றன. ஆலை பார்க்க ஆசை இருந்தால் குழாய் ஆலையின் "வைசொத்தா 239" பட்டறை 2010இல் திறக்கப்பட்டது. வண்ணம் பூசிய சுவர்களும் பளபளக்கும் தரையுமாக அது வேறு மாதிரி. முறையான சுற்றுலாவாக, முன்பதிவோடு மட்டுமே போங்கள். வெளிநாட்டவர் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

9. குளிர், சூடு, சாப்பாடு

கோட்டும் பூட்ஸும் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே கிடைப்பது மைனஸ் 5க்குப் போதும். இங்கே ஜனவரியில் மைனஸ் 25, 30 வருவது சாதாரணம். ஊரிலிருந்து இரண்டு செட் தெர்மல் உள்ளாடை மட்டும் கொண்டுவந்து, செப்டம்பரிலேயே இங்கே வாங்குங்கள். பூட்ஸ் உங்கள் அளவைவிட ஒரு எண் பெரிதாக, கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு. அடிப்பாகம் மெல்லிய ரப்பராக இருந்தால் மார்ச்சில் உருகி உறைந்த பனியில் வழுக்கும். கூரை ஓரமாக நடக்காதீர்கள், பனிக்கூர் விழும்.

கட்டடங்களின் சூடேற்றும் குழாய்கள் நகரமே சேர்ந்து ஒரே நேரத்தில் திறப்பவை. நாளின் சராசரி வெப்பம் ஐந்து நாள் தொடர்ந்து 8 டிகிரிக்குக் கீழே போனால்தான் தொடங்கும். அதற்கு முந்தைய சில வாரங்கள்தான் அறைக்குள் மிகவும் நடுங்கும் காலம். கனமான போர்வை ஒன்று வேண்டும். சூடு வந்த பிறகு காற்று வறண்டு மூக்கில் ரத்தம் வரலாம். குழாயின்மேல் ஈரத்துண்டு போடுவது எல்லோரும் செய்வது. கோடையில் பராமரிப்புக்காகச் சுடுநீரை 14 நாள் வரை நிறுத்துவார்கள். வாசலில் ஒட்டும் அறிவிப்பைப் பாருங்கள்.

அரிசி வாங்கும்போது உருண்டை அரிசியை எடுத்தால் குழையும். "ப்ரொபாரென்னி" என்று அச்சிட்ட நீள அரிசிதான் நம் புழுங்கல் அரிசிக்கு நெருக்கம். மைசூர்ப் பருப்புக்குச் சிவப்பு "செச்செவீத்சா", கொண்டைக்கடலைக்கு "நூத்", பாசிப்பயறுக்கு "மாஷ்", ரவைக்கு "மான்கா", மஞ்சள்தூளுக்கு "குர்குமா" என்று கேளுங்கள். சீரகமும் கொத்தமல்லியும் சந்தையில் உஸ்பெக், தாஜிக் வியாபாரிகளிடம் மலிவு. துவரம்பருப்பு, புளி, பெருங்காயம், கறிவேப்பிலைப் பொடி மட்டும் ஊரிலிருந்து.

10. விசா நீட்டிப்பும் கஸகஸ்தான் பொறியும்

முதல் விசா பெரும்பாலும் 90 நாள், ஒருமுறை நுழைவு. அதைப் பலமுறை நுழைவு விசாவாக நீட்டிப்பதற்கான காகிதங்களைக் காலாவதிக்கு 45 நாள் முன்பே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டண பாக்கி இருந்தால் அவர்கள் விண்ணப்பத்தை நகர்த்த மாட்டார்கள். நீட்டிப்பு நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும், அதற்குரிய சான்றுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரங்களில் விமானம், ரயில் எதுவும் பதியாதீர்கள்.

கஸகஸ்தான் எல்லை இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். இந்தியர்களுக்கு அங்கே 14 நாள் விசா வேண்டாம் என்பதால் நண்பர்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். கையில் ஒருமுறை நுழைவு விசா இருந்தால், எல்லை தாண்டிய கணமே அது முடிந்தது. திரும்ப ரஷ்யாவுக்குள் வர முடியாது. இதைவிட நுட்பமான பொறி ஓம்ஸ்க் போகும் ரயில். செல்யாபின்ஸ்கிலிருந்து குர்கான் வழியாக ஓம்ஸ்க் போகும் பழைய பாதை நடுவே கஸகஸ்தானின் பெத்ரொபாவ்ல் வழியாகச் செல்கிறது. இரண்டு முனையும் ரஷ்யா என்று நம்பி ஏறினால் நள்ளிரவில் எல்லைக் காவலர் எழுப்புவார். டிக்கெட் எடுக்கும்போது நிறுத்தங்களில் பெத்ரொபாவ்ல் இருக்கிறதா என்று பாருங்கள். யெக்காத்தெரின்பூர்க், த்யுமென் வழியாகப் போவது பாதுகாப்பு. காரில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பகுதிநேர வேலை பற்றி: அங்கீகாரம் பெற்ற படிப்பில் முழுநேர மாணவராக இருப்பவர் 2020 ஆகஸ்ட் முதல் தனி அனுமதி இல்லாமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்யலாம். ஆனால் ரஷ்ய மொழியில் மட்டும் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சமையலறை உதவியாள், காவலாள் என்று சொல்லி ராணுவ ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சம்பளம் ஊர் வழக்கத்தைவிடப் பல மடங்கு என்றால் அதுவே அடையாளம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முன்பெல்லாம் மாஸ்கோ தூதரகம்தான் கதி. 2025 நவம்பரில் யெக்காத்தெரின்பூர்க்கில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்திருக்கிறார்கள். வேண்டிய சேவை அங்கே கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

11. நகருக்கு வெளியே போகும்போது

ஒஸ்யோர்ஸ்க், ஸ்னெஷின்ஸ்க், த்ரியோக்கோர்னி ஆகிய மூன்றும் இந்த மாகாணத்தில் உள்ள மூடிய அணு நகரங்கள். வெளிநாட்டவர் நுழையக்கூடாது. வேலிவரை போய்ப் பார்ப்பதும் வேண்டாம். இணையத்தில் "செல்யாபின்ஸ்க்-65", "செல்யாபின்ஸ்க்-70" என்று படித்துப் பதறுபவர்கள் உண்டு. அவை முறையே ஒஸ்யோர்ஸ்க், ஸ்னெஷின்ஸ்க் நகரங்களின் பழைய மறைபெயர்கள், இந்த நகரம் இல்லை. நகரின் குடிநீர் மியாஸ் ஆற்றின் ஷெர்ஷ்னி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. கதிர்வீச்சுக் கழிவு கலந்தது தேச்சா ஆறு. அதில் குளிக்கவோ மீன் பிடிக்கவோ கூடாது.

போக வேண்டிய இடங்கள்: மியாஸ் நகரருகே துர்கோயாக் ஏரி, ஸ்லத்தவூஸ்த் அருகே தகனாய் தேசியப் பூங்கா. இரண்டுக்கும் புறநகர் ரயில் உண்டு. மழை நாளுக்குத் தெற்கு உரால் அருங்காட்சியகம். 2013 பிப்ரவரி 15இல் விழுந்த விண்கல்லின் பெரிய துண்டு, செபர்குல் ஏரியடியிலிருந்து எடுத்தது, அங்கே இருக்கிறது. அன்று காயப்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிதான் கிழித்தது. ஒளியைக் கண்டு ஜன்னலருகே வந்து நின்றார்கள், அதிர்வலை ஓரிரு நிமிடம் கழித்து வந்தது. ஆலை நகரத்தில் எந்த வெளிச்சம், வெடிச்சத்தம் என்றாலும் முதலில் ஜன்னலை விட்டு விலகுங்கள்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூலை வரை காட்டுக்குள் போகிறவர்கள் உண்ணிக்குப் பயப்பட வேண்டும். உரால் பகுதி உண்ணி வழிப் பரவும் மூளைக்காய்ச்சல் உள்ள இடம். தடுப்பூசியின் முதல் இரண்டு தவணையைக் குளிர்காலத்திலேயே போட்டால்தான் வசந்தத்துக்குள் பலன் தரும். பேண்டைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிற உடை போட்டால் உண்ணி தெரியும். கடித்துவிட்டால் எண்ணெய் ஊற்றாதீர்கள், பிய்த்து எறியாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்து, உண்ணியைச் சிறு குப்பியில் ஈரப்பஞ்சோடு போட்டு ஆய்வகத்தில் கொடுங்கள். நோய்க்கிருமி இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியைக் கடித்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். காப்பீடு இல்லாதவர்களுக்கு அந்த ஊசியின் விலை கனக்கும். உண்ணிக்கான தனிப் பாலிசியை மார்ச்சிலேயே எடுத்து, எண்ணைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 103, எல்லா அவசரத்துக்கும் 112.